வாளையார் தாண்டினால் கூட்டணி: ஒரு நகைச்சுவை நாவலுக்கு யோசனை தேவை

வேலந்தாவளம்வாசி:

வணக்கம். மூன்று வருஷமாக ஒரு கதையைச் சுமந்துகொண்டு அலைகிறேன். நகைச்சுவை நாவல். பாதி எழுதியாயிற்று, அதற்கு மேல் நகரவில்லை. இங்கே எல்லையோரத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கழுவி ஊற்றினாலும் பரவாயில்லை.

1987. பாலக்காடு மாவட்டம் சித்தூர் அரசுக் கல்லூரி. இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ், மேடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவள் எஸ்.எஃப்.ஐ. (மார்க்சிஸ்ட் மாணவர் அமைப்பு), அவன் கே.எஸ்.யூ. (காங்கிரஸ் மாணவர் அமைப்பு). காலையில் கல்லூரி வாசலில் எதிரெதிர்க் கோஷம், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே கடலைப் பொட்டலம். இரண்டு வருஷம் ஓடி, அப்புறம் முறிந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை. இப்போதைக்கு அவள் ‘சகாவு’ (மலையாளத்தில் தோழர்), அவன் ‘மண்டலம்’. ஏனென்றால் 2019-ல் கதை மறுபடி தொடங்கும்போது அவள் மார்க்சிஸ்ட் லோக்கல் கமிட்டியில் இருக்கிறாள், அவன் காங்கிரஸ் மண்டலத் தலைவர். அவள் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்க்கிறவள், கணவர் இறந்து ஆறு வருஷம். அவனுக்குத் தேங்காய் மண்டி. கல்யாணமே செய்துகொள்ளவில்லை, கேட்டால் கட்சி வேலையில் நேரம் கிடைக்கவில்லை என்பான்.

2019 மக்களவைத் தேர்தலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஓட்டு ஏப்ரல் 18, கேரளத்தில் ஏப்ரல் 23. மாநில எல்லையான வாளையாருக்குக் கிழக்கே மார்க்சிஸ்டும் காங்கிரஸும் திமுக தலைமையில் ஒரே கூட்டணி. மேற்கே ஜென்மப் பகை. கோவையில் கூட்டணி வேட்பாளரே மார்க்சிஸ்ட். காங்கிரஸ்காரர் அவருக்காக வீதி வீதியாகப் போக வேண்டும். பாலக்காட்டில் மார்க்சிஸ்ட் எம்.பி.யைத் தோற்கடிக்க அதே காங்கிரஸ் உயிரைக் கொடுக்கிறது.

கோவையில் மலையாளி ஓட்டுக் கேட்கச் சகாவுவைக் கட்சி அனுப்புகிறது. மண்டலத்தின் தங்கை மாப்பிள்ளை தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர். ‘மச்சான், மலையாளம் பேசற ஆளா நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க’ என்று அவர் போன் போட, இவனும் போகிறான். ஒரே ஜீப். முப்பது வருஷம் கழித்து.

கேள்வி இரண்டு. இது நம்பும்படி இருக்கிறதா? 1989-ல் எதற்காகப் பிரிந்தார்கள்? இப்போது எழுதி வைத்திருப்பது: யூனியன் தேர்தலில் அவன் நின்றான், அவள் எதிராக வேலை செய்தாள், மூன்று ஓட்டில் தோற்றான், பேச்சு நின்றது. படித்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது.

கறுப்புமண்:

நம்புவது அப்புறம் இருக்கட்டுங்க, முதலில் தொகுதியைப் பாருங்க. பெயரில் வேலந்தாவளத்தை வைத்துக்கொண்டு இதில் சறுக்கலாமா? வேலந்தாவளத்தில் இருந்து கிழக்கே கால் வைத்தால் கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதி. அது பொள்ளாச்சி மக்களவையில் சேர்ந்தது. தொண்டாமுத்தூரும் பொள்ளாச்சிதான். 2019-ல் பொள்ளாச்சியில் நின்றது உதயசூரியன். சுத்தியல் அரிவாளுக்கு ஓட்டுக் கேட்க வேண்டுமானால் உங்க ஜீப் உக்கடம் வரைக்கும் போயாக வேண்டும்.

மேற்கேயும் அதே குளறுபடி. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி மூன்றும் சித்தூர் சட்டமன்றம். அது ஆலத்தூர் மக்களவையில் வருகிறது, பாலக்காட்டில் இல்லை. உங்க மண்டலம் வேலை செய்தது அங்கே நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ரம்யா ஹரிதாஸுக்கு. அவர் கூட்டத்துக்குக் கூட்டம் பாடியே ஓட்டுக் கேட்டவர். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐம்பது வயதுத் தேங்காய் வியாபாரி வேட்பாளரோடு சேர்ந்து பாட்டுக்குத் தாளம் போட வேண்டியிருந்தது என்று வையுங்க, ஒரு அத்தியாயம் சும்மா கிடைக்கும்.

இன்னொன்று. சித்தூரில் இடது முன்னணி என்றால் அப்போது சட்டமன்றத்துக்கு நின்றது ஜனதா தளம். 2018 நவம்பரில் நீர்வளத் துறை அமைச்சரானவரும் சித்தூர் எம்.எல்.ஏ.தான். ஆகவே சகாவு ஊருக்குள் வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துப்போவது காங்கிரஸ்காரனை இல்லை, சொந்த முன்னணித் தளக்காரரை. எதிரியைத் திட்ட மைக் கொடுப்பார்கள். கூட்டாளியைத் திட்ட யார் கொடுப்பார்கள்?

வேலந்தாவளம்வாசி:

போச்சு. நாற்பது பக்கம் போச்சு. நான் கொரோனா வரைக்கும் திருப்பூரில் இருந்தவன், ஓட்டும் அங்கேதான். தொகுதி விஷயத்தில் அடித்தது சரியான அடி. உக்கடத்துக்கு ஜீப்பை நகர்த்துகிறேன். நல்லதுதான், ஜீப்புக்குள் இருக்கும் நேரம் கூடும்.

மீட்டர்கேஜ்:

ஜீப் சரி. 1987-ல் அவர்கள் எதில் போனார்கள்? பஸ் ஸ்டாண்டிலேயே காதலை முடித்துவிடாதீர்கள். சித்தூருக்கு ரயில் கிடையாது, ஆனால் புதுநகரம் பக்கம்தான். பாலக்காடு டவுனில் இருந்து புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி. அப்போது மீட்டர் கேஜ். முதலமடை ஸ்டேஷனில் ஆலமரங்கள் பிளாட்பாரத்தையே மூடியிருக்கும். கொடி பிடிக்கிற பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் உட்கார அதைவிட இடம் கிடையாது. 2008 டிசம்பரில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடினார்கள், 2015-ல்தான் மறுபடி வண்டி ஓடியது. ஆக, 2019-ல் அவர்கள் போய்ப் பார்த்தால் மரம் இருக்கும், ரயில் அகலமாகியிருக்கும்.

பெட்டிக்கடை:

எனக்கு கதை பிடித்தது. சீக்கிரம் முடியுங்கள்.

பூத்ஸ்லிப்:

எனக்குக். ‘க்’ வரும்.

தேர்தல் வேலை பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னால் பிரசாரம் நிற்க வேண்டும். நின்றதும், அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் தொகுதியை விட்டு வெளியேற வேண்டும். லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாம் சோதனை போடுவார்கள். அதாவது ஏப்ரல் 16 சாயங்காலம் 6 மணி. உங்கள் இரண்டு பேருமே வெளியூர். அதுவரை அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஒரே சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டவர்கள், 6 மணி அடித்ததும் ஒரே ஜீப்பில் எல்லை தாண்டி விரோதிகளாக இறங்கியாக வேண்டும். விரட்டுவது தேர்தல் ஆணையம். இதைவிட நல்ல வில்லன் காதல் கதைக்குக் கிடைக்காது.

கேரளத்தில் பிரசாரம் முடிவது 21-ம் தேதி சாயங்காலம், கொட்டிக்கலாசம் என்கிற ஆரவாரத்தோடு. கொழிஞ்சாம்பாறை முக்கில் இரண்டு கட்சியும் செண்டை, வண்டி, கொடி சகிதம் எதிரெதிரே நிற்கும், நடுவில் போலீஸ் கயிறு. இந்த ஐந்து நாளுக்குள் கதையை அடக்கப் பாருங்கள். மூன்று வருஷமாக எழுதுகிறேன் என்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

செம்பருத்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே எல்லாரும் சிரிக்கிறீர்கள். ஒரு மாநிலத்தில் யார் முதல் எதிரி என்பதைப் பொறுத்துத்தான் கூட்டணி. கேரளத்தில் ஆளும் முன்னணியும் எதிர் முன்னணியும் இந்த இரண்டு கட்சிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் இரண்டு பேருமே சின்ன கட்சி. அங்கே ஒன்றாக நிற்பதில் வேடிக்கை என்ன இருக்கிறது? தொண்டனை முட்டாளாக்கும் கதையாகப் போய்விடக் கூடாது.

கறுப்புமண்:

யாரும் முட்டாள் ஆக்கவில்லைங்க. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019-ல் நாடு முழுக்க இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து ஜெயித்தது ஐந்து இடம். அதில் நாலு தமிழ்நாடு: கோவை, மதுரை, திருப்பூர், நாகப்பட்டினம். எல்லாம் காங்கிரஸ் இருந்த கூட்டணியில். கேரளத்தில் காங்கிரஸ் முன்னணி 20-க்கு 19 வாங்கியது, இடதுக்கு ஆலப்புழை ஒன்று. மே 23 அன்றைக்குச் சகாவு வீட்டு டி.வி.யில் கோவை முடிவு வரும்போது கைதட்ட வேண்டும், ஆலத்தூர் முடிவு வரும்போது அழ வேண்டும். இரண்டுக்கும் காரணம் எதிர்வீட்டு மண்டலம். இதைச் சிரிக்காமல் எப்படி எழுதுவது, சொல்லுங்க.

செம்பருத்தி:

சரி, கைதட்டுகிற இடம் நன்றாகத்தான் இருக்கிறது. அழ வைக்காதீர்கள். லோக்கல் கமிட்டி ஆட்கள் முடிவு நாளில் அழ மாட்டார்கள். மறுநாள் காலை மீட்டிங் போட்டு ‘பரிசோதிப்போம்’ என்பார்கள்.

பனைநிழல்:

நான் எருத்தேம்பதி. வயசு அறுபதை நெருங்குகிறது. இந்த இழையைப் பேத்திதான் காட்டினாள். நீங்கள் எல்லாரும் கட்சி, தொகுதி என்று போகிறீர்கள், சுவரை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் மாமா சுவர் எழுதுகிறவர். எங்கள் பக்கத்தில் நோட்டீஸும் சுவரும் தமிழில் வேண்டும், அதனால் எல்லாக் கட்சிக்கும் அவர்தான். தேர்தல் அறிவிக்கும் முன்னாலேயே சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருஷமும் போட்டு வைத்துவிடுவார்கள். அதுதான் சுவர் புக்கிங். அதை இன்னொரு கட்சி தொட்டால் அடிதடி. அப்புறம் மாமா வருவார். நூலில் நீலப்பொடி தடவி, ஒரு முனையை நான் பிடிக்க, இழுத்துச் சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எழுத்து. சின்னம் கடைசியில். ‘அரிவாள் ஒரு இழுப்புடா, நட்சத்திரம் அஞ்சு இழுப்பு. கைதான் உயிரை எடுக்கும். விரல் கொஞ்சம் தப்பினாலும் ஜனம் நின்னு சிரிக்கும்’ என்பார். கதருக்கும் சிவப்புக்கும் ஒரே டப்பா, ஒரே பிரஷ். நடுவில் மண்ணெண்ணெயில் கழுவுவார், அவ்வளவுதான்.

அவர் எழுத்தில் ஒரு குணம் உண்டு. ‘வெற்றி பெறச் செய்வீர்’ என்று எழுத வேண்டியதை ‘வெற்றி பெற செய்வீர்’ என்றுதான் எழுதுவார். ‘ச்’ போட்டால் வரி நீளுகிறது, சுவர் முடிந்துவிடுகிறது என்பார். எங்கள் ஊரில் முப்பது வருஷம் எந்தக் கட்சிக்கும் அந்த ‘ச்’ கிடைக்கவில்லை. ஒருமுறை யாரோ ராத்திரியில் வந்து எல்லாச் சுவரிலும் இடுக்கில் சின்னதாக ‘ச்’ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரு கட்சியும் எதிர்க்கட்சி வேலை என்று சண்டைக்குப் போனார்கள். கடைசியில் பார்த்தால் ஊர்த் தமிழாசிரியர்.

வேலந்தாவளம்வாசி:

அக்கா, இந்தக் கதையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். காலில் விழுகிறேன்.

சகாவுதான் சுவர் எழுதுகிறாள். எழுத்து அழகு, அதனால் தமிழ்ச் சுவர் எல்லாம் அவள் பொறுப்பு. கல்லூரி நாளில் இருந்தே ஒற்று போடமாட்டாள். மண்டலம் பி.ஏ. தமிழ். முப்பது வருஷம் கழித்து ஒரு சுவரில் ‘வெற்றி பெற செய்வீர்’ என்று பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிடுகிறது. தாங்க முடியவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொந்தக் கட்சியின் நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சிச் சுவரில் ‘ச்’ போடப் போகிறான், மாட்டிக்கொள்கிறான். சுவரை அழிக்க வந்தான் என்று வழக்கு. இல்லை, எதிரியின் பிழையைத் திருத்த வந்தேன் என்றால் கட்சி அவனை வெளியே போடும்.

பனைநிழல்:

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. மாமாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

பிரிந்த காரணமும் அங்கேயே இருக்கிறதே, உங்களுக்குத் தெரியவில்லையா? அவள் எழுதிய கடிதத்தை அவன் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்திருப்பான்.

பூத்ஸ்லிப்:

அடேயப்பா.

மீட்டர்கேஜ்:

முதலமடை ஆலமரத்தடியில் வைத்துக் கொடுத்திருப்பான். மதிப்பெண்ணும் போட்டிருப்பான்.

புழையோரம்:

எல்லாருக்கும் பிடித்துவிட்டது, எனக்கும் பிடித்தது. ஆனாலும் ஒரு கேள்வி. எஸ்.எஃப்.ஐ.யும் கே.எஸ்.யூ.வும் காதலித்தால் இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் கேட்கப்போகிறார்கள்? ‘எந்தக் கட்சி’ என்றா கேட்பார்கள்? ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்றுதான் கேட்பார்கள். எங்கள் சித்தப்பா கொடி பிடித்து ஜாதா போனவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கொடியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தார். 2017-ல் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தீண்டாமைப் புகார் எழுந்து கேரளம் முழுக்கப் பேசியது. நம் பஸ் போகிற வழியில்தான். அதை விட்டுவிட்டு ஒற்றுப்பிழையால் பிரிந்தார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

வேலந்தாவளம்வாசி:

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

உண்மைதான். முதல் வரைவில் இரண்டு பேரையும் ஒரே சாதியாக வைத்திருந்தேன். வேண்டுமென்று வைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகப் போயிற்று. மாற்றுகிறேன். வேறு வேறு சாதி. வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. அந்த நேரத்தில் சிவப்பு மைக் கடிதம் வருகிறது, யூனியன் தேர்தல் வருகிறது. கௌரவமாகச் சண்டை போட இரண்டு காரணம் கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் ஊரெல்லாம் ‘அரசியலால் பிரிந்தவர்கள்’ என்று கொஞ்சம் மரியாதையாகவே சொல்கிறது. அவர்களும் அதை மறுக்கவில்லை. கிழக்கே போய் ஒரே ஜீப்பில் உட்கார்ந்த அன்றைக்கு அந்த அரசியல் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு முட்டுகிறது. நாவல் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

புழையோரம்:

இப்போது எழுதுங்கள்.

சித்தூர்ப்புழை:

கட்சியால் பிரிந்த ஜோடி என்றால் கேரளத்தில் எல்லாரும் கே.ஆர். கௌரியம்மாவையும் டி.வி. தாமஸையும்தான் சொல்வார்கள். 1957 ஏப்ரலில் பதவியேற்ற இ.எம்.எஸ். அமைச்சரவையில் இரண்டு பேரும் அமைச்சர்கள். அதே வருஷம் கல்யாணம். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. தாமஸ் சி.பி.ஐ., கௌரியம்மா மார்க்சிஸ்ட். 1967-ல் மறுபடி ஒரே அமைச்சரவை, வேறு வேறு கட்சி அமைச்சர்களாக. 1994-ல் மார்க்சிஸ்ட் கட்சி கௌரியம்மாவை வெளியேற்ற, தனிக்கட்சி தொடங்கிக் காங்கிரஸ் முன்னணி அமைச்சரவையிலும் இருந்தார். 2021 மே மாதம் 101 வயதில் போனார். உங்கள் சகாவு, மண்டலத்தைப் பற்றி யாராவது சீண்டினால் இந்தப் பெயரை எடுத்து வீசட்டும். ‘பெரியவங்க வீட்டிலேயே நடந்தது’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

கறுப்புமண்:

ஜீப்புக்குள் என்ன பேசுவார்கள் என்று கேட்டிருந்தால் நான் முதலிலேயே சொல்லியிருப்பேன். தண்ணீர்.

எங்கள் பக்கம் மழைமறைவு. கறுப்பு மண், ஆழ்துளைக் கிணறு, வானம் பார்த்த நிலக்கடலை. ஆழியாற்றில் இருந்து வருகிற தண்ணீர்தான் உயிர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1970. ஆனால் 1958 முதல் செல்லும் என்று எழுதி வைத்தார்கள். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு வருஷம். அதற்குள் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. வந்தாக வேண்டும். அங்கிருந்து மூலத்தரை, அங்கிருந்து எங்கள் வாய்க்கால். ஏப்ரல் என்றால் மிச்சம் எவ்வளவு என்று எல்லாரும் விரல் விட்டு எண்ணுகிற மாதம்.

ஜீப்பை ஓட்டுவது தங்கை மாப்பிள்ளை என்று வையுங்கள். அவருக்கு ஆனைமலைப் பக்கம் பத்து ஏக்கர் தென்னை. உக்கடத்தில் மூன்று பேரும் ஒரே கூட்டணி. மதுக்கரை தாண்டும்போது யாரோ ‘ஆழியாற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்குது’ என்று கேட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான். சகாவும் மண்டலமும் ஒரு கட்சி, மாப்பிள்ளை தனிக் கட்சி. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளும் அவனும் ஒரே குரலில் ‘ஏழே கால்!’ என்று கத்துகிறார்கள். கத்தி முடித்ததும் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

செம்பருத்தி:

‘ஏழே கால்’ அருமை. இதை என் பெயரில் வழிமொழிகிறேன்.

பெட்டிக்கடை:

தங்கை மாப்பிள்ளை கள்ளு குடிக்க இந்தப் பக்கம் வருவாரா? தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1-ல் இருந்து கள் இறக்கத் தடை. உங்கள் கதையும் 1987. சித்தூர்க் கள்ளுக்கு என்று ஒரு அத்தியாயமாவது வேண்டும். (இந்த முறை ஒற்றெல்லாம் பார்த்து எழுதினேன்.)

பூத்ஸ்லிப்:

பார்த்தேன். 10-க்கு 9.

வேலந்தாவளம்வாசி:

கள்ளு உண்டு. மாப்பிள்ளை தண்ணீர்ச் சண்டையில் தோற்று, சமாதானத்துக்கு ஷாப்பு வாசலில் வண்டியை நிறுத்துகிறார்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஜீப் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைத் திருப்பி எழுதினேன். போடுகிறேன். திட்டுங்கள்.

க.க.சாவடியில் மெயின் ரோட்டை விட்டு வேலந்தாவளம் ரோட்டில் திரும்பியதும் மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

‘மச்சான், துண்டு.’

மண்டலம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். காலையில் உக்கடத்தில் யாரோ போட்டுவிட்ட துண்டு. ஒரு ஓரம் கறுப்பு சிவப்பு, ஒரு ஓரம் மூவர்ணம், நடுவில் சுத்தியல் அரிவாள். கொழிஞ்சாம்பாறையில் இதோடு இறங்கினால் நாளைக்குக் காலை பாலக்காட்டுக்குத் தெரிந்துவிடும். சுருட்டி எங்கே வைப்பது என்று தேடினான். அவள் கையை நீட்டினாள்.

‘கொடுங்க.’

தன் பையைத் திறந்து உள்ளே வைத்தாள். அப்புறம் தன் சேலையில் குத்தியிருந்த கை பேட்ஜைக் கழற்றினாள். அதுவும் காலையில் யாரோ குத்தியதுதான். அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஊசி குத்தியது. அவன் சத்தம் போடவில்லை.

‘சுவரில் ச் போட்டது நீங்கதானா?’

‘எந்தச் சுவர்?’

‘கூட்டுறவு வங்கி எதிரில். நீலம் காயவே இல்லை. என் புடவையெல்லாம் ஒட்டிக்கிச்சு.’

மாப்பிள்ளை ஹாரன் அடித்தார், ரோட்டில் யாரும் இல்லை.

‘வலி மிகும் இடம்’ என்றான் மண்டலம்.

‘தெரியும். முப்பது வருஷமா தெரியும். இடம் இல்லைன்னுதான் விட்டேன்.’

எல்லைப் பலகை தாண்டியது. அவள் ‘நிறுத்துங்க’ என்றாள். செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறங்கி, ஜீப் போகிற திசையைப் பார்க்காமல், ஓரமாக நடக்கத் தொடங்கினாள்.

கறுப்புமண்:

தொகுதி சரி, ரோடு சரி. நடந்து போவதுதான் இடிக்கிறது. சாயங்காலம் பஸ் இருக்கும் நேரம், அவள் ஏன் நடக்க வேண்டும்?

பனைநிழல்:

பஸ்ஸில் ஏறினால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். நடக்கட்டும்.

அந்தச் ‘வலி மிகும் இடம்’ எனக்குப் போதும். அதற்கு மேல் அவனைப் பேச விடாதீர்கள்.

பூத்ஸ்லிப்:

அக்கா, அந்த ‘வலி’. ச் வராது.

பனைநிழல்:

மாமாவின் மருமகள்தானே. அங்கே போட வேண்டியது இங்கே வந்துவிட்டது.

செம்பருத்தி:

கட்சி பேட்ஜை அப்படிக் கழற்றிக் கொடுப்பது நடக்கும். நானே பார்த்திருக்கிறேன். வேறு ஒன்றும் சொல்ல இல்லை.

நெறியாளர்:

இழை நீண்டுவிட்டது, நல்ல விதமாகவே. கொட்டிக்கலாசம் அத்தியாயத்துக்கு வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். தொகுதி, கூட்டணி பற்றிய சண்டைகளை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

மீட்டர்கேஜ்:

பனைநிழல் அக்காவுக்கு ஒரு கேள்வி மட்டும். அந்தத் தமிழாசிரியர் ‘ச்’ போட்ட சுவர் எதுவும் இன்னும் இருக்கிறதா?

பனைநிழல்:

ஒன்று இருக்கிறது. போன மாதம் சிமெண்டு விளம்பரம் அடித்துவிட்டார்கள். வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் புள்ளி மட்டும் தெரியும்.